ரெண்டு கோட்டை வேணுகோபால்

ஆரணியில் வேணுகோபால் என்ற பெயரில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் "ரெண்டு கோட்டை வீடு எது?" என்று கேட்டால் போதும், பால்காரன்கூட சைக்கிளை நிறுத்திக் கை காட்டுவான். பட்டம் சொத்தால் வந்ததில்லை. ஊரில் இருப்பது ஒரே ஒரு கோட்டை. அதிலும் சர்க்கார் ஆபீசுகள் குடியேறி வெகு காலமாகிறது. இரண்டாவது கோட்டையை வேணுகோபால் தன் கையாலேயே காகிதத்தில் கட்டினார்.

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது அவர் தொழில். கட்டம் போட்ட காகிதத்தில் மயிலும் மாங்காயும் யாளியுமாகக் கட்டம் கட்டமாக நிரப்பித் தருவார். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டை தறிமேல் ஏறும். புடவையில் பூ விழும். கெட்டிக்காரர்தான், அதை மறுத்தால் வாய் வெந்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனம் காகிதத்தோடு நின்றிருந்தால் அவர் மனைவி பொன்னம்மாள் பாதிக் கிழவியாகி இருக்கமாட்டாள்.

எழுபத்துநாலில் ஒரு தடவை மெட்ராஸுக்கு டிசைன் கொடுக்கப் போனவர், திரும்பும்போது மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை வாங்கி வந்தார். ஏதோ ஒரு தேசத்துச் சண்டையைப் பலகையில் ஆடுகிற வெளிநாட்டு விளையாட்டு. பாதிக் காய்களைக் காணோம். எப்படி ஆடுவது என்பதெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அவருக்கும் இங்கிலீஷுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேறு ஒருவனாக இருந்தால் பெட்டியைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். வேணுகோபாலுக்கோ அன்றைக்கே தளபதி புத்தி வந்துவிட்டது. எவன் ஊர்ச் சண்டையையோ எதற்கு ஆட வேண்டும், நம் ஊர்ச் சண்டை ஒன்று இருக்கிறதே என்று நினைத்தார்.

இருக்கத்தான் செய்கிறது. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் கம்பெனிப் படையும் மராட்டியக் குதிரைகளும் ஒரு பக்கம், நவாபு வகையறாவும் பிரெஞ்சுக்காரனும் மறு பக்கமாக ஆரணிக்கு வெளியே நெல்வயலில் அடித்துக்கொண்டார்கள். நம் கோட்டைக்காரர் என்ன வீரம் செய்தார் என்று கேட்காதீர்கள். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஜெயித்தவர் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார். வேணுகோபால் இந்த விஷயத்தை மட்டும் ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

பலகையை டிசைன் காகிதத்திலேயே போட்டார். ஆறு, வயல், நடுவே கரைமேல் போகிற பாதை, பனந்தோப்பு, ஓரத்தில் கோட்டை. இதுவரைக்கும் சரி. ஆனால் முப்பது வருஷமாகப் பார்டர் போட்டுப் பழகின கை. பார்டரில் பாதியைப் போட்டால் மறு பாதி அப்படியே திரும்பி வர வேண்டும். இந்தப் பக்கம் ஒரு மயில் என்றால் அந்தப் பக்கமும் ஒரு மயில். கை தானாகவே திருப்பிப் போட்டுவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை. இந்தப் பக்கம் கமண்டல நதி, அந்தப் பக்கமும் அதே கமண்டல நதி.

எதிர்வீட்டுப் பட்டு வியாபாரி தணிகாசலம் வந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க, நம்மூர்ல ஏது ரெண்டு கோட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணு மட்டும் போட்டா கோணலா தெரியும். இத எவன் வாங்குவான், செகண்ட்ஸ்னு ஒதுக்கிடுவான்" என்றார் வேணுகோபால்.

சரித்திரத்தையே செகண்ட்ஸ் என்று ஒதுக்கின மனுஷர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தறியில் ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளை நறுக்கிச் சாயம் பூசிக் காய் செய்தார். நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று முறை வைத்து நகர்த்துவது. எதிராளி கோட்டைக்குள் காயை உட்காரவைத்தால் ஜெயம். ஆரம்பத்தில் தெருவில் நாலைந்து பேர் ஆசையாக வந்து உட்கார்ந்தார்கள். சீக்கிரமே விவரம் புரிந்துவிட்டது. வேணுகோபால் ஜெயித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் ஆட்டத்துக்கு ஒரு சட்டம், தோற்கப் போகிறார் என்றால் வேறொரு சட்டம். "மழ வந்துடுச்சு, உன் பீரங்கி நனஞ்சிபோச்சு, வெடிக்காது" என்பார். "அமாவாசைக்குக் குதிர ஆத்தத் தாண்டாது" என்பார். எதிராளி பயந்து கோட்டைக்குள்ளேயே இருந்தால், "சண்ட போடாம உள்ளயே குந்திகினு இருந்தா, பொழுது சாஞ்சதும் தோத்த கணக்குதான்" என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையே தினம் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஆடினார்.

கடைசியில் நின்றது பரசுராமன் ஒருவன்தான். தெருக்கோடித் தறிக்காரன். சாயங்காலம் ஒரு டீயும் நாலு பீடியும் கிடைக்கும் என்பதற்காகப் பதினோரு வருஷம் சளைக்காமல் தோற்றான். அதை வைத்துக்கொண்டு வேணுகோபால் "என்ன ஜெயிக்க ஆரணில ஆள் பொறக்கல" என்று மீசையைத் தடவுவார். பக்கத்தில் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருக்கிற பொன்னம்மாளுக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு எல்லாச் சட்டமும் அவளுக்கு மனப்பாடம். கோளறு பதிகம் மனப்பாடம் ஆகியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

எண்பத்தைந்து வைகாசியில் ஒரே மகள் ஆதிலட்சுமிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜெயவேல் சேத்துப்பட்டுக்காரன். வேலூரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் வேலை. நல்ல பையன், சிரித்த முகம். ஆடி மாசம் பெண்ணை அழைத்துவந்து, மாப்பிள்ளைக்கும் விருந்து வைத்தார்கள். வடை பாயசத்தோடு விட்டிருக்கலாம். வேணுகோபாலுக்குக் கை அரித்தது. பலகையைக் கொண்டுவந்து பரப்பிவிட்டார்.

பையனுக்கு ஆட்டம் புதுசு. என்ன செய்வது என்று தெரியாமல், மாமனார் எதைச் செய்கிறாரோ அதையே தன் பக்கத்தில் செய்தான். பலகைதான் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதே, அதனால் வசதியாகப் போயிற்று. அவர் குதிரையை ஆற்றோரம் நகர்த்தினால் இவனும் ஆற்றோரம். அவர் பீரங்கியைத் தோப்புக்குக் கொண்டுபோனால் இவனும் தோப்புக்கு. மழை பெய்யவைத்துப் பார்த்தார். அவர் பீரங்கியும் சேர்ந்து நனைந்தது. அமாவாசையை வரவழைத்தார், அவர் குதிரையும் ஆற்றங்கரையில் நின்றது. எரிச்சலில் நடுப்பாதையில் ஒரு காயைத் தப்பாக வைத்தார். ஜெயவேல் அதை வெட்டிவிட்டு நேராக அவர் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததோடு, புதுமாப்பிள்ளை செல்லத்தில் லேசாகச் சிரித்தும்விட்டான்.

"சிரிக்கிறியா? நான் போட்டத பாத்துப் பாத்துப் போட்டுட்டு சிரிக்கிறியா?" வேணுகோபால் எழுந்து நின்றார். "டிசைன் திருடன்!"

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய வசவாகத் தெரியாது. ஆரணியில் ஒருவனைத் திருடன் என்றால்கூடப் பொறுத்துப்போவான். டிசைன் திருடன் என்றால் அவன் வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒருவன் போட்டதை இன்னொருவன் பார்த்து நெய்தான் என்றால் அந்தப் பகை இரண்டு தலைமுறைக்கு ஓடும். அந்தச் சொல்லை விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். அதோடும் நிற்கவில்லை. "எங்கிட்ட தோக்காம இவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. படவேட்டு அம்மன் மேல சத்தியம்!" என்றார்.

"செரிங்க மாமா, இன்னொரு ஆட்டம் ஆடலாம், தோத்துடறேன்" என்றான் ஜெயவேல்.

"டிசைன் திருடனோட நான் ஆடமாட்டேன்!"

தோற்க வேண்டும், ஆனால் ஆடவும் கூடாது. இப்படி ஒரு சத்தியத்தைப் படவேட்டு அம்மனே அதுவரைக்கும் கேட்டிருக்கமாட்டாள். ஆதிலட்சுமி அப்பனுக்குப் பிறந்தவள் இல்லையா, ரோஷம் எங்கே போகும்? "அவரு மிதிக்கக் கூடாத படிய நானும் மிதிக்கமாட்டேன்" என்று ஆடி மாசமும் அதுவுமாகப் புருஷனோடு கிளம்பிவிட்டாள்.

தலைதீபாவளிக்கு மகள் வரவில்லை. தெருவில் அந்த வருஷம் கல்யாணமான பெண்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். பொன்னம்மாளிடம் கேட்டவர்களுக்கெல்லாம் "பொண்ணுக்கு ஜுரம்" என்று சொன்னாள். ஒருத்தியும் நம்பவில்லை, நம்பினதுபோல் தலையை ஆட்டினார்கள், அது இன்னும் கொடுமை. விடியற்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வேணுகோபால் புதுவேட்டி கட்டிக்கொண்டு பரசுராமனோடு ஆட உட்கார்ந்தார், ஜெயித்தார்.

அடுத்த வருஷம் ஆதிலட்சுமி உண்டானாள். ஏழாம் மாசம் சேத்துப்பட்டில் வளைகாப்பு. பொன்னம்மாள் மட்டும் பஸ் ஏறிப் போனாள். வளையல் அடுக்கி முடிந்ததும் சம்பந்தியம்மாள் கன்னியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"மொதப் பிரசவம் தாய் வூட்லதான பாக்கணும்? எப்ப கூட்டிகினு போறீங்க? உங்களுக்கு ஆவாதுன்னா சொல்லிடுங்க, நாங்களே பாத்துக்கறோம்."

கேட்டதில் தப்பே இல்லை. பொன்னம்மாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண் ரோஷக்காரிதான். ஆனால் பிரசவத்தை நினைத்துப் பயந்திருந்தாள், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "எப்படியாவது ஒருவாட்டி தோத்துடுங்க மாப்ளே" என்றாள்.

"நான் ரெடிதான் அத்த. அவர்தான் எங்கூட ஆடமாட்டேன்றாரே." என்றவன், "மிஷினோட ஆடுவாரா?" என்று கேட்டான். அந்த ஆட்டத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். டிவியில் கோட்டையும் குதிரையும் தெரியும். அவர் ஒரு தடவை நகர்த்தினால் மிஷின் ஒரு தடவை நகர்த்தும். "மிஷின் தோக்கற மாதிரியே எழுதிடறேன். நான் எழுதினது தோத்தா நான் தோத்த மாதிரிதான?"

பொன்னம்மாள் உட்கார்ந்து அத்தனை சட்டத்தையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். மழை, அமாவாசை, பொழுது சாய்வது எல்லாம். மாப்பிள்ளை எதையும் விடவில்லை. ஒரு சட்டம் குறைந்தாலும், அது தன் ஆட்டமே இல்லை என்று மனுஷர் சொல்லிவிடுவார் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது.

வேணுகோபாலிடம் தணிகாசலம் போய்ப் பேசினார். திருடன் முழுப் பலகையையே திருடிவிட்டானா என்று தளபதி முதலில் குதித்தார். "உங்க பேரு டிவில வருமாம்" என்றதும் குதி நின்றது.

"இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்லதான்."

"செரி, மிஷின் தோத்தா அவன் தோத்த கணக்குதான். வரச் சொல்லு. ஆனா என் வூட்ல இல்ல."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில், தணிகாசலம் கூடத்தில், ஆரணிப் போர் நடந்தது. ஜெயவேல் டைப்ரைட்டர்போல ஒரு பெட்டியைக் கொண்டுவந்து டிவியோடு இணைத்தான். டேப்ரெக்கார்டரில் ஆட்டத்தைப் பதிந்த ஒரு கேசட்டைப் போட்டதும் கீச்சென்று கூவியது. பாதி ஜனம் காதைப் பொத்தியது. ஆதிலட்சுமியும் வந்திருந்தாள், துணிப்பையோடு. அப்பா ஜெயித்தால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எட்டு மாச வயிற்றோடு உள்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் தெருவுக்கு எதிரே அவள் பிறந்த வீட்டு வாசல் தெரிந்தது. பொன்னம்மாள் பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டிவியில் முதலில் பெயர் வந்தது. தணிகாசலம் படித்துச் சொன்னார்: "வேணுகோபால்." தளபதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு கோட்டையும் இரண்டு ஆறும் வந்தன. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"மொதல்ல நீங்க நகத்தணும் மாமா" என்றான் ஜெயவேல்.

வேணுகோபால் அவனைப் பார்க்கவில்லை. "தணிகாசலம், நான் நகத்தலன்னு சொல்லு" என்றார்.

மனுஷர் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார். எழுதினவன் டிசைன் திருடன். அவன் மிஷினும் டிசைன் திருடனாகத்தான் இருக்கும். தான் செய்வதைத்தான் அதுவும் செய்யும். தான் ஒன்றுமே செய்யாவிட்டால்? அது எதைப் பார்த்துத் திருடும்? இதைப் பரசுராமன் காதில் சொல்லிவிட்டு, படை முழுக்கக் கோட்டைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மிஷினுக்கு இது எதுவும் தெரியாது. தோற்கச் சொல்லியிருந்தார்கள், தோற்க வந்தது. குதிரைகள் கோட்டையை விட்டு வெளியே வந்தன. வயலில் இறங்கின. கேட்பாரில்லாத ஆடுபோல நட்டநடு வயலில், அவர் பீரங்கிக்கு நேர் எதிரே நின்றன. அவர் முறை வந்தபோதெல்லாம் தணிகாசலத்தைப் பார்த்து, "சும்மா இரு" என்றார். மிஷினின் கோட்டை காலி. போய் உட்கார்ந்தால் ஜெயம்.

"அண்ணே, அடிங்க அண்ணே! சும்மா நிக்குது பாருங்க" என்று பரசுராமனே கத்தினான். ஆட்டம் தெரியாத பொம்பளைகள்கூட, "போங்க, போங்க" என்றார்கள்.

வேணுகோபால் சிரித்தார். "அது வல. என்ன வெளிய இழுக்கப் பாக்குது. நான் யாரு?"

பொன்னம்மாள் மகள் தோளை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். இத்தனை வருஷமாக இந்த மனுஷர் ஒரு நாளும் நிஜமாக ஜெயித்ததில்லை, எப்படி ஜெயிப்பது என்றே அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதிரே கதவைத் திறந்துபோட்டுக் கழுத்தை நீட்டினாலும் வெட்டத் தெரியாது. "ஒரே ஒரு குதிரைய அனுப்புங்களேன்" என்று வாய்விட்டுக் கெஞ்சினாள்.

"பொம்பள பேசற எடமா இது?" என்றார் தளபதி.

டிவியில் பொழுது சாய்ந்தது. ஒரு கீச்சுச் சத்தம். எழுத்து வந்தது. தணிகாசலம் தயங்கித் தயங்கிப் படித்தார்: "வேணுகோபால் தோத்துட்டாரு."

ஜெயவேல் பதறிப்போய், "மாமா, உள்ளயே இருந்தா பொழுது சாஞ்சதும் தோத்த கணக்குன்னு நீங்கதான்..." என்று ஆரம்பித்தான்.

"அந்த ரூலு பரசுராமனுக்குப் போட்டது! எனக்குப் போட்டதில்ல!" என்று கத்தினார் வேணுகோபால். "வோல்டேஜ் கம்மி, அதனால பொழுது ஜல்தியா சாஞ்சிடுச்சு" என்றார். மழை பெய்ததாகச் சொல்லிப் பார்த்தார். பெட்டி வாய் திறக்கவில்லை, எழுத்தும் அழியவில்லை. குப்புற விழுந்தவர் மீசை முழுக்க மண்ணோடு எழுந்து துண்டை உதறினார். "இவன் தோக்கல. சத்தியம் சத்தியம்தான்" என்று வாசலுக்கு நடந்தார்.

ஜெயவேல் ஒயர்களைப் பிடுங்கத் தொடங்கினான். ஆதிலட்சுமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாயிடும், கெளம்பலாம்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் எதிர்வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

அதைப் பொன்னம்மாள் பார்த்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் எழும்பியது; அவள் ஆயுசில் அப்படி வந்ததில்லை. தோற்பதற்கென்றே செய்த ஒரு பெட்டியிடம் தோற்ற ஆள். இந்த ஆளிடமா இத்தனை நாள் அனுமதிக்குக் காத்திருந்தோம் என்று நினைத்தாள். மகளின் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வாங்க மாப்ளே, வூட்டுக்குப் போலாம். ஆதி, நீயும் வா" என்றாள்.

தெருவின் நடுவில் நின்ற வேணுகோபால் திரும்பினார். "ஏய், சத்தியம் இன்னா ஆவறது?"

"சத்தியம் பண்ணது நீங்க. நான் பண்ணல" என்றாள் பொன்னம்மாள். நிற்கவில்லை. மாப்பிள்ளை கையை ஒரு பக்கமும் மகள் கையை ஒரு பக்கமும் பிடித்து, அவரைச் சுற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள். தணிகாசலத்தின் மனைவி அவசரமாக ஆரத்தி கரைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். சுற்றிப் பொட்டு வைத்தார்கள். முதலில் மாப்பிள்ளை படியேறினான், பிறகு மகள். வானம் இடியவில்லை. படவேட்டு அம்மனும் வரவில்லை.

வேணுகோபால் சும்மா நின்றார். ஊர் பார்த்தது. பிறகு தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தார். உள்ளே வந்து செருப்பை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல, "மாப்ள, காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டார். சாயங்காலம் டீக்கடையில், "பொண்ணு வந்து நிக்குது, போனா போவுதுன்னு நான்தான் விட்டுக்குடுத்து வரச் சொன்னேன்" என்று பரசுராமனிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகத் தகவல் வந்தது. பரசுராமன் பீடிக்காக ஆமாம் போட்டிருப்பான்.

அடுப்படியில் பொன்னம்மாள் மகளுக்குப் பிடித்த காரக்குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வந்துவிட்டார்கள். தடுக்க அந்த மனுஷரிடம் ஒன்றுமே இருக்கவில்லை, வெறும் சத்தம்தான். தலைதீபாவளி அன்றைக்குச் சேத்துப்பட்டுக்குப் போய் இதே மாதிரி கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தால்? அன்றைக்கும் அவர் இப்படித்தான் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து காப்பி கேட்டிருப்பார். தலையில் எண்ணெய் வைக்கப் பெற்ற தாய் இல்லாமல் அந்தப் பெண் அங்கே குளித்திருக்க வேண்டியதில்லை. பொன்னம்மாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

தண்ணீர் குடிக்க வந்த ஆதிலட்சுமி பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, ஏன் அழற? அதான் வந்துட்டனே" என்றாள்.

"இவ்ளோ சுலுவா வந்துட்டியே, அதுக்குத்தாண்டி அழறேன்" என்றாள் பொன்னம்மாள்.